தொண்டை அறிந்த தூரம்

கச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் ராகத்தை எழுதுகிறார்கள். பாடகரின் சாரீரத்தை எழுதுகிறார்கள். பக்கவாத்தியம் பொருந்தி வந்ததா இல்லையா என்று எழுதுகிறார்கள். அந்தக் கச்சேரி நடந்த கூடத்தின் கூரை எவ்வளவு உயரம், சுவர் கருங்கல்லா சுண்ணாம்புக் காரையா, கேட்க வந்தவர்கள் ஜமுக்காளத்தில் அமர்ந்தார்களா பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார்களா என்பதை ஒருவரும் குறிப்பதில்லை. இடம் என்பது ஒருநாள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் பொருள் என்றும், இசை அதனோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் தன் போக்கில் நடப்பது என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வேலூரிலேயே பிறந்து இந்த ஊரின் ஒலிகளிலேயே காது பழகியவன் என்ற முறையில், எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் வழங்கும் ஒவ்வோர் இசைமுறையும் தான் வளர்ந்த இடத்தின் நீள அகலத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எந்தச் சுருதியில் பாடுவது, எவ்வளவு விரைவில் பாடுவது, ஓர் அடியை எத்தனை முறை திரும்பச் சொல்வது என்பதையெல்லாம் பாடுகிறவர் மட்டும் தீர்மானிக்கவில்லை. அவர் நின்ற இடமும் சேர்ந்துதான் தீர்மானித்திருக்கிறது.

இதற்கு முதல் சாட்சி தெருக்கூத்து. பழைய வட ஆர்க்காட்டில், அதாவது 1989இல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பு திருவண்ணாமலையும் செய்யாறும் வந்தவாசியும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய மாவட்டத்தில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடைக்காலத்தில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் களிமண்ணால் தரையில் கிடத்திய துரியோதனன் உருவத்தின்மீது படுகளம், அதன்பின் தீமிதி என்று அது நடக்கும். கூத்து நடக்கும் களரிக்குக் கூரை கிடையாது. கோயில் முன்னால் உள்ள திடலோ அறுவடை முடிந்த நிலமோதான் களரி. மூன்று பக்கம் ஜனம் உட்கார்ந்திருக்கும். நான்காவது பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை, பின்பாட்டுக்காரர்கள் என்று மேளக்கட்டு அமர்ந்திருக்கும்.

திறந்த வெளியில் பாடுகிறவருக்கு நேரும் முதல் இடர், தன் குரல் தனக்குத் திரும்பி வராமல் போவது. அறைக்குள் பாடும்போது சுவரும் கூரையும் குரலைத் திருப்பித் தருகின்றன. அந்தத் திரும்பலைக் கேட்டுத்தான் தொண்டை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடலில் போன ஒலி போனதுதான். தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. பாடுகிறவருக்கும் முதல் வரிசைக்கும் 3 மீட்டர், கடைசி வரிசைக்கு 48 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இடையில் நான்கு இரட்டிப்புகள் இருக்கின்றன. முன்னால் இருப்பவர் கேட்பதைவிட 24 டெசிபல் குறைவாகத்தான் கடைசி ஆளுக்குக் கேட்கும். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு இதைத் தொண்டையும் கருவியும் மட்டுமே ஈடுகட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்குக் கூத்துக்காரர்கள் கண்ட தீர்வுகளைத்தான் நாம் இன்று கூத்தின் அழகியல் என்று பெயரிட்டு ரசிக்கிறோம். மேல் சுருதியில் பாடுவது அவற்றில் ஒன்று. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில்தான் மிகவும் கூர்மையாக இருக்கிறது. உச்ச சுருதியில் அழுத்திப் பாடும் குரலும், நாகஸ்வரத்தைவிட மிகச் சிறியதான முகவீணையும் தம் வலுவை அந்த எல்லையிலேயே கொட்டுகின்றன. ஆனால் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது வாய் பார்க்கும் திசையிலேயே செல்லும். முதுகுப் பக்கம் இருப்பவருக்கு மங்கிவிடும். ஆகவே வேஷக்காரர் ஓரடியை இந்தப் பக்கம் பார்த்துப் பாடி, சுற்றி வந்து, மறுபக்கம் பார்த்து மீண்டும் பாடுகிறார். நகரத்திலிருந்து வந்து கூத்துப் பார்க்கிறவர்கள், ஒரே அடியை எதற்கு இத்தனை முறை பாடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. களரியைச் சுற்றியிருக்கும் ஜனம் முழுவதையும் கணக்கில் எடுத்தால், அந்த அடி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறைதான் பாடப்படுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது பின்பாட்டு. வேஷக்காரர் ஓரடியை முடித்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். இதை வேஷக்காரர் மூச்சு வாங்குவதற்கான ஏற்பாடு என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. சுவரே இல்லாத வெளியில், அவருக்குப் பின்னால் சில அடி தூரத்திலிருந்து, அவர் பாடிய அடி அதே சுருதியில் அவருக்கே திரும்பி வருகிறது. சுவர் செய்ய வேண்டிய வேலையை ஆட்கள் செய்கிறார்கள். பின்பாட்டு என்பது அந்தத் திடலில் மனிதக் குரல்களால் எழுப்பப்பட்ட ஒரு பின்சுவர் என்றே நான் கருதுகிறேன்.

திரைப் பிரவேசத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இருவர் ஒரு துணியைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்றுகொண்டு வேஷக்காரர் முதலில் பாடுகிறார். கிரீடத்தின் உச்சியும் கால் சலங்கையும் தவிர வேறொன்றும் தெரியாது. உடல் களரிக்குள் வருவதற்கு முன்பே குரல் களரியைப் பிடித்துவிடுகிறது. செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம், “திரைக்குப் பின்னாடி நிக்கிறப்போ ஜனம் எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும் வாத்தியாரே?” என்று கேட்டேன். “கடைசி ஆளு எங்க குந்திகினு கீறான்னு தொண்டைக்குத் தெரியணும் சார். கண்ணு அப்புறம் பாத்துக்கும்,” என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மிச்சமெல்லாம் அதற்கு நான் எழுதும் உரைதான்.

கூத்து ஏன் இரவு முழுவதும் நடக்கிறது என்றால், பகலில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்பதே முதல் காரணம். ஆனால் காற்றும் இரவு ஆட்டத்துக்கே ஒத்துழைக்கிறது. மே மாதத்துப் பகலில் தரையை ஒட்டிய காற்று கொதிக்கிறது. மேலே போகப் போகச் சூடு குறைகிறது. ஒலி சூடான காற்றில் விரைவாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். 20 பாகை செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், 35 பாகையில் சுமார் 352 மீட்டர். வேறுபாடு சிறியதுதான், ஆனால் பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து தூரத்தில் இருப்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடுவதற்கு அது போதும். மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் நிலைமை தலைகீழாகிறது. தரை முதலில் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள அடுக்கு சூடாகவே நிற்க, ஒலி கீழ்நோக்கி வளைந்து வயல்களின்மீது தவழ்ந்து செல்கிறது. நள்ளிரவுக்குமேல் அடுத்த ஊரில் இருப்பவர் பாயில் படுத்தபடியே முகவீணையைக் கேட்டு, இன்றைக்கு என்ன ஆட்டம் என்று ஊகித்து, எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வரப்பின்மேல் நடந்து வந்து சேர்வது இதனால்தான் நடக்கிறது.

கூத்து ஓரிடத்தில் நின்று ஒரு பரப்பை நிரப்புகிறது. கோயில் மேளமோ நகர்ந்துகொண்டே, தான் எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கு அறிவிக்கிறது. சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்த வெறும் ஸ்வரக் கோவை, தவிலோடு பின்னிக்கொண்டு வரும். தீர்த்தம் எடுத்து வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று செயலுக்கும் இடத்துக்கும் ஏற்ப வகைகள் இருக்கின்றன. கேட்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வரைபடம்.

எங்கள் ஆயாவுக்கு ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனால் உற்சவ நாளில் அடுப்படியில் இருந்தபடியே சாமி எந்தத் தெருமுனையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தொலைவில் முதலில் கேட்பது தவிலின் தொப்பிப் பக்கத்து, அதாவது குச்சியால் அடிக்கும் இடப்பக்கத்து, முழக்கம் மட்டுமே. நாகஸ்வரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அப்போது ஆயா தேங்காயைக் கழுவித் தட்டில் வைப்பார். சற்று நேரத்தில் வலந்தலையின், அதாவது விரல்களால் வாசிக்கும் வலப்பக்கத்தின், சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும். பழமும் வெற்றிலையும் தட்டுக்கு வரும். பிறகு ஒரு கணத்தில், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல, நாகஸ்வரத்தின் வாயில் செருகிய சீவாளியின் கூர்மை முழுவதுமாக வாசலில் வந்து விழும். “முனை திரும்பிடிச்சி. கற்பூரத்த எடுடா,” என்பார். நான் கற்பூரத்தோடு வாசலுக்கு வரும்போது தீவட்டி தெருவுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

ஆயாவின் காது செய்த கணக்கை இயற்பியல் பாடத்தில் பின்னால் படித்தேன். தவிலின் தொப்பியிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிக்கு அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அது வீடுகளின் மூலைகளைச் சுற்றி வளைந்து வந்துவிடும். நாகஸ்வரத்தின் கூர்மைக்குக் காரணமான 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 12 சென்டிமீட்டருக்கும் குறைவு; சுவர் குறுக்கிட்டால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், நேர்க்கோட்டில் வழி கிடைத்தால்தான் வரும். தெருக்களின் அமைப்பு, சுவர்களின் உயரம், சாமி நடக்கும் வேகம் மூன்றும் அந்த இரண்டு ஒலிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பதிந்திருந்தன.

வேலூருக்குப் பக்கத்திலுள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலழகைப் பழமொழியாகவே சொல்வார்கள். மதிலைக் கண்ணால் பார்ப்பவர்கள் அதிகம். கூட்டம் குறைந்த நாளில் பிராகாரத்தில் மேளம் வாசிக்கும்போது அதைக் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலி போய்த் திரும்பிவரப் பத்தில் ஒரு விநாடிக்குமேல் ஆனால்தான் அது தனி எதிரொலியாகக் காதில் பிரியும். அதற்குச் சுவர் ஏறத்தாழ 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் எதிரொலி தனியாக நிற்காமல் வாசிப்போடு கலந்து அதைத் தடிக்கச் செய்யும். நடந்துகொண்டே வாசிக்கிறவருக்கு இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. அனுபவமுள்ள வித்வான் சுவர் பதில் சொல்லும் இடத்தில் பிடியை, அதாவது வாசித்துவரும் ஸ்வரத் தொடரை, முடித்து ஒரு கணம் விடுகிறார். சுவர் நெருங்கிய இடத்தில் விடாமல் ஓட்டுகிறார்.

வேலூர்க் கோட்டைக்கு வருவோம். ஒரே அகழிக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், 1846இல் கட்டப்பட்ட செயின்ட் ஜான் தேவாலயமும் இருக்கின்றன. இரண்டும் கட்டடங்கள்தான், ஆனால் காதுக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரரும் முண்டியடிக்கும் தூண்களுக்கு நடுவில் நின்று மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். கருங்கல் ஒலியை உறிஞ்சாது. தன்மேல் விழுவதில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தவிர மற்றதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும். அப்படியானால் மண்டபம் இரைச்சலாக இருக்க வேண்டும். ஆனால் அதன் பக்கங்கள் திறந்திருப்பதால் ஒலியில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. உள்ளே தங்கும் பகுதியை அந்தச் சிற்பங்கள் ஒரே திசையில் திருப்பாமல் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். ஒரு குதிரையின் தலை துருத்தி நிற்கும் அளவும் கிட்டத்தட்ட அதுவே. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் ஒலி சிதறும். ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970களில் எண்கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டு அமைத்த ஒலிச்சிதறல் பலகைகள் இன்று உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் மாட்டப்பட்டிருப்பதும் இதே வேலைக்குத்தான். விஜயநகரக் காலத்துச் சிற்பி இதையெல்லாம் கணக்கிட்டுச் செதுக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதற்கு வாட்ஸ்அப் குழுக்களில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். அவர் கண்ணுக்குச் செதுக்கியது காதுக்கும் உதவிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூலவர் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த அந்தக் கோயிலுக்குச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது 1981இல்தான். அத்தனை காலமும் அந்தத் தூண்களுக்கு நடுவில் பூஜை மேளம் ஒலிக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கும்போது, வாசிக்கப்படாமலே உறையில் கிடந்த கருவியின் நினைவு வராமல் போகாது.

தேவாலயத்தின் நிலை வேறு. மூடிய சுவர்கள், உயர்ந்த கூரை. ஐரோப்பாவின் பெரிய கல் தேவாலயங்களில் ஓர் ஒலி எழுந்தபின் அடங்குவதற்குப் பல விநாடிகள் ஆகும். அங்கே வளர்ந்த வழிபாட்டுப் பாடல் மெதுவாக நகர்கிறது, நீண்ட ஸ்வரங்களில் நிற்கிறது, முந்தைய ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் இசைவாக அமர்கிறது. பல குரல்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும் முறைக்கு அப்படிப்பட்ட எதிர்முழக்கம் நல்ல துணையாக இருந்திருக்கிறது. அதே இடத்தில் மிருதங்கத்தில் ஒரு கோர்வையை, அதாவது விரைவாகக் கோத்த தாளச் சொற்களின் தொடரை, வாசித்தால் என்ன ஆகும்? விநாடிக்கு எட்டுச் சொற்கள் என்று வைத்தாலும் ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் எட்டில் ஒரு விநாடிதான் இடைவெளி. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் விழுந்து எல்லாம் குழம்பிவிடும். நம் தாள வாத்தியங்களின் நுட்பமெல்லாம், பக்கம் திறந்த மண்டபத்திலும், ஓடு வேய்ந்த வீட்டுக் கூடத்திலும், கோயில் வாசலிலும் வளர்ந்தது. கல் தேவாலயங்களுக்குள்ளேயே நம் இசை வளர்ந்திருந்தால் மிருதங்கம் இந்த மிருதங்கமாக இருந்திருக்காது.

எதிர்முழக்கத்தை முதன்முதலில் எண்ணாக மாற்றியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சாபின். 1895இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஓர் ஒலி அடங்குவதற்கு ஐந்தரை விநாடி ஆயிற்று. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, கூடத்தின் கொள்ளளவையும் உறிஞ்சும் பரப்பையும் இணைக்கும் சூத்திரத்தைக் கண்டார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தக் கணக்கின்படி அமைந்தது. மனித உடலும் நல்ல உறிஞ்சி என்பதும் அவருடைய அளவீடுகளில் அடக்கம். கூட்டம் வராத கச்சேரியில் பாடுகிறவருக்குச் சோர்வு ஏற்படுவதற்கு மனம் மட்டும் காரணமில்லை. கூடமே வேறு கூடமாகிவிடுகிறது. ஜனம் நிறைந்திருக்கும் என்று நம்பித் தயார்செய்த குரல், காலியான நாற்காலிகளும் மொசைக் தரையும் திருப்பி அனுப்பும் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

குளியலறையில் எல்லோரும் பாகவதராகிவிடுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாலேகால் அடி, அதாவது 1.3 மீட்டர் அகலமுள்ள குளியலறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவில் இயல்பாகக் கட்டிநிற்கும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 135 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். டைல்ஸ் ஒட்டிய சுவர் உங்கள் ஷட்ஜத்தைப் பிடித்துத் தாங்கிக் கொடுக்கிறது. புகழ் சுவருக்குச் சேர வேண்டும்.

ஒலிபெருக்கி வந்தபோது இந்தக் கணக்குகளெல்லாம் மாறின. அதற்கு முன்பு நாடக மேடையிலும் கச்சேரியிலும் உச்ச சுருதிக்குத் தனி மதிப்பு இருந்தது; நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றி (1906–1933) இன்றும் பேசுகிறவர்கள் அவருடைய எட்டும் குரலைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஒலிவாங்கி வந்தபின் ஆண் பாடகர்கள் சுருதியைக் குறைத்துக்கொண்டார்கள். இதைச் சீரழிவு என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தாழ்ந்த சுருதியில், மூச்சளவில், கமகத்தின் நுண்ணிய அசைவைக் காட்டும் பாட்டு அதனால்தான் பெரிய சபைக்குள் வர முடிந்தது. அதற்குமுன் அது நாலு பேர் உட்கார்ந்த கூடத்துக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. ஆனால் ஒரு விநோதம் நேர்ந்திருக்கிறது. பாடகர் 40 மீட்டருக்கு அப்பால் சின்ன உருவமாகத் தெரிகிறார். அவர் மூச்சு இழுக்கும் ஒலி நம் காதோரம் கேட்கிறது. கண் சொல்லும் தூரமும் காது சொல்லும் தூரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நமக்கு அது பழகிவிட்டது. போதாததற்கு, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும், “அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்துங்க,” என்கிறார். அந்த மண்டபத்தில் ஏற்கெனவே இருக்கும் முழக்கத்தின்மேல், இல்லாத ஒரு பெரிய குகையின் முழக்கம் ஏற்றப்படுகிறது. பந்தியில் எதிரில் இருப்பவர் சாம்பார் கேட்பது நம் காதில் விழாமல் போவது அதனால்தான்.

காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன் இதன் மறுகோடி. ஓர் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுகளையும் அடையும் நேரத்திலும் வலுவிலும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மூளை கணிக்கிறது. இதை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் விளக்கினார். அந்த நேர வேறுபாடு மிகுந்தால் ஒரு விநாடியில் 1,500இல் ஒரு பங்குதான். காது மடலின் மடிப்புகளும் தலையின் அசைவும் முன் பின், மேல் கீழ் என்பதைத் தெரிவிக்கின்றன. இயர்போனில் மடலுக்கு வேலையில்லை. தலையைத் திருப்பினால் பாட்டும் கூடவே திரும்புகிறது. ஆகவே பாட்டு வெளியே எங்கும் இல்லாமல் மண்டைக்குள் நடக்கிறது. காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில், ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் நால்வர் நான்கு வேறு இடங்களில் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கிறதா என்று கேட்டால், பிடிக்கவில்லை. நானும் அந்த நால்வரில் ஒருவன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஆடி மாதம். வேலூரைக் கேலி செய்வதற்கென்றே, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று ஒரு பட்டியலை முன்பு சொல்வார்கள். கோயிலுக்குச் சாமி வந்துவிட்டது. மலை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மரமடர்ந்த மலையானால் ஒலியைச் சிதறடித்து ஓரளவு விழுங்கிவிடும். வெறும் பாறை அப்படியே திருப்பி அனுப்பும். மலையடிவாரத்துத் தெருக்களில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது, அதன் வாய் மலையைப் பார்த்திருந்தால், பாறை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ மூன்று விநாடி கழித்து ஊருக்குத் திரும்பி வரும். தாளத்தோடு சேர்ந்து விழுந்தால் நம் அதிர்ஷ்டம்.

அதோடு, தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுகிறார்கள். எல்லாக் குழாய்களுக்கும் மின்சாரம் ஒரே கணத்தில் போய்ச்சேருகிறது. ஆனால் 100 மீட்டர் தள்ளியுள்ள குழாயிலிருந்து ஒலி நம் வாசலை அடைவதற்கு விநாடியில் கால் பங்குக்கும்மேல் ஆகிறது. இரண்டு ஒலிகள் 30, 40 மில்லிவிநாடிக்குள் அடுத்தடுத்து வந்தால் காது அவற்றை ஒன்றாக்கி, முதலில் வந்த திசையிலேயே வைத்துக் கேட்கும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதைக் குறித்து ஆராய்ந்து எழுதினார். அதைத் தாண்டினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆகவே குழாய் கூடக் கூடச் சத்தம்தான் பெருகுகிறது. பாட்டு புரியாமல் போகிறது.

இதில் பாதிக்கப்படுகிறவர் பம்பைக்காரர். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் தெருவை நிரப்ப வந்த கருவிகளல்ல. பம்பைக்காரர் இடுப்பில் இரட்டை மேளத்தைக் கட்டிக்கொண்டு, அம்மன் வர்ணிப்பைப் பாடியபடி, அருள் வருகிறவரின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நிற்பார். அந்த உடலில் எழும் சிறு நடுக்கத்தைப் பார்த்து அடியைக் கூட்டுவார், குறைப்பார். சுற்றி நிற்கும் பத்துப் பதினைந்து பேரின் வட்டமே அந்த இசையின் முழு அளவு. கூத்துக்காரரின் தொண்டை கடைசி ஆளைத் தேடுகிறதென்றால், பம்பைக்காரரின் கை முதல் ஆளைத் தவிர வேறு யாரையும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வட்டத்தின் தலைக்கு நேர்மேலே ஒரு குழாயைக் கட்டி, பதிவு செய்யப்பட்ட அம்மன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தால் வர்ணிப்பின் ஒரு சொல்லும் காதில் விழாது. போன ஆண்டு பம்பைக்காரர் இரண்டு முறை நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். மூன்றாவது முறை பாடுவதை நிறுத்திவிட்டு மேளத்தை மட்டும் அடித்தார்.

எங்கள் தெருவின் விழாக் குழுவில் இந்த ஆண்டு பேசிப் பார்த்தேன். குழாய்கள் வேண்டாம், கோயில் வாசலில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும், அவற்றையும் மலைப்பக்கம் திருப்பாமல் தெருவைப் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கலாம், பம்பை தொடங்கியதும் செட்டை அணைத்துவிட வேண்டும் என்றேன். பெண்கள் ஒத்துக்கொண்டார்கள்; இளைஞர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்; பெரியவர் ஒருவர் குழாய் இல்லாமல் திருவிழா என்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். கூழ் வாங்க அவர்களும் வர வேண்டுமே. கடைசியில் முந்தைய நாள் மாலை அறிவிப்புக்கு மட்டும் ஒரு குழாய் என்று முடிவாயிற்று. மைக் செட் கடைக்காரரிடம் போய்ப் பட்டியலைக் கொடுத்தபோது அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். “பத்துக் கொழாய் போதுமான்னு சண்ட போட்டவங்கள பாத்திருக்கேன். ரெண்டு பொட்டி போதும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். சத்தம் பத்தலன்னு எவனாச்சும் வந்தா உங்க ஊட்டாண்ட அனுப்பிடுவேன்,” என்று சொல்லிவிட்டு முன்பணத்துக்குச் சீட்டு எழுதினார்.